கடைசி வரிசைச் சிப்பாயைப் பார்த்துப் படையைத் தேர்ந்தெடுங்கள்: சேலத்தில் மினியேச்சர் போர் விளையாட்டு தொடங்குவோருக்கு

மினியேச்சர் போர் விளையாட்டுக்குள், அதாவது சிறு பொம்மைச் சிப்பாய்களை ஒட்டித் தீட்டி, மேசையில் படைகளாக நிறுத்தி விதிப்படி மோதவிடும் பொழுதுபோக்குக்குள், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தளபதியைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். பெட்டியின் மேல் வாளை ஓங்கி நிற்கும் அந்த ஒரு பொம்மைக்காகப் படை முழுவதையும் வாங்கிவிடுகிறார்கள். தளபதியைத் தீட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அவருக்குப் பின்னால் நிற்கும் அறுபது சாதாரணச் சிப்பாய்களைத் தீட்ட ஆறு மாதம் ஆகும். பாதியில் கைவிடப்பட்டு அட்டைப்பெட்டிக்குள் தூங்கும் படைகளைத் திறந்து பாருங்கள். தளபதி அழகாகத் தீட்டப்பட்டிருப்பார், ஐந்து சிப்பாய்கள் அரைகுறையாக இருப்பார்கள், மற்றவர்கள் பாகங்கள் ஒட்டியே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டே இறங்கியிருக்க மாட்டார்கள்.

அதனால் படையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் படையின் மிகச் சாதாரணச் சிப்பாயை ஐம்பது முறை தீட்ட எனக்குப் பொறுமை இருக்குமா? விதிகள், பலம், கதைப் பின்னணி எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

எதிரே யார் உட்காரப் போகிறார்கள்?

பெருநகரங்களில் கடைக்குப் போனால் ஆட ஆள் கிடைக்கும். சேலத்தில் எதிராளியை நாம்தான் உண்டாக்க வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆகவே படைக்கு முன்னால் விளையாட்டை முடிவு செய்யுங்கள். உங்கள் நண்பரோ மாமா பையனோ ஏற்கெனவே வார்ஹாமர் 40,000 எனும் எதிர்காலக் கற்பனைப் போர் விளையாட்டை ஆடுகிறார் என்றால், அழகாக இருக்கிறதே என்று இரண்டாம் உலகப்போர் ஜெர்மானியர்களை வாங்காதீர்கள். அவருடைய விளையாட்டில், அவருடைய அளவில் படை சேருங்கள்.

யாருமே இல்லையென்றால் என் பரிந்துரை ஒன்றுதான். ஒரு பெரிய படைக்கான பணத்தில் ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு சிறிய படைகளை வாங்குங்கள். பெட்டியைத் திறந்து, மேசையில் இரண்டு பக்கமும் அடுக்கி, 'நீ எந்தப் பக்கம் எடுத்துக்கிறே?' என்று கேட்டால் யாரும் உட்கார்ந்துவிடுவார்கள். 'ஒரு படை வாங்கிட்டு வா, ஆடலாம்' என்று சொல்லி ஆள் சேர்த்தவர்கள் மிகக் குறைவு. இருவர் ஆடுவதற்கென்றே இரண்டு படைகளோடு வரும் தொடக்கப் பெட்டிகளும் உண்டு. இரண்டு நண்பர்கள் பணத்தைப் பாதிப் பாதி போட்டு ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்ல வழி.

இரண்டு படைகளையும் நீங்களே சேர்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் எது யாருடையது என்று நிறத்திலும் உருவத்திலும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் விதிச் சிக்கல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர் கையில் போவது ஒரு படை. மூன்றாவது, இரண்டும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும். 28 மி.மீ. உயரப் பொம்மைக்குப் பக்கத்தில், அசல் ஆளில் 72இல் ஒரு பங்கான 1/72 பிளாஸ்டிக் சிப்பாயை நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் போல இருக்கும். படம் பார்த்து வாங்கும்போது இது தெரியாது. அளவைப் படித்துப் பார்த்தே பணம் கட்டுங்கள்.

ஒரு பிளைவுட் ஷீட், மூன்று துண்டுகள்

பலகையை முதலில் செய்துவிடுவது நல்லது. எவ்வளவு பெரிய படை தேவை என்பதை அதுவே சொல்லிவிடும். மரக்கடையில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்று வாங்கி, அங்கேயே 30 அங்குலத்துக்கு 44 அங்குலமாக மூன்று துண்டு போடச் சொல்லுங்கள். 9 அல்லது 12 மி.மீ. கனம் இருக்கட்டும். 6 மி.மீ. ஷீட் கொஞ்ச நாளில் வளைந்துவிடும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஒரு துண்டு, வார்ஹாமரின் சிறிய வடிவமான காம்பாட் பேட்ரோல் ஆட்டத்துக்குச் சரியான அளவு. அதே துண்டின் நடுவில் கோடு போட்டால் கிடைக்கும் 30க்கு 22 அங்குலம்தான் அதைவிடச் சிறிய கில் டீம் ஆட்டத்தின் பலகை. இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் 60க்கு 44. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாயிண்ட் மதிப்பு உண்டு; ஒரு பக்கத்துக்கு 2000 பாயிண்ட் வரும் பெரிய ஆட்டத்துக்கு அது போதும். ஒரு துண்டில் தொடங்கி, படை வளர வளர அடுத்த துண்டை எடுத்துப் போடலாம். கட்டிலுக்கு அடியில் மூன்றும் அடங்கிவிடும்.

வீட்டில் நிரந்தரமாக ஒரு துண்டு போடத்தான் இடம் என்றால் நூறு பேர் கொண்ட படை உங்களுக்கு வேண்டாம். கில் டீமில் ஒரு பக்கத்துக்குப் பத்து பேர் சுமாருக்கு இருந்தாலே முழு ஆட்டம் ஆடலாம். காம்பாட் பேட்ரோலில் ஒரு பெட்டிக்குள் இருப்பதே ஒரு முழுப் படை.

மூன்று சிப்பாய்ச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மனதில் இருக்கும் படையின் மிகச் சாதாரணச் சிப்பாய்கள் மூன்று பேரை மட்டும் வாங்குங்கள். சில்லறையாகக் கிடைக்காவிட்டால் அந்தப் படையின் மிகச் சிறிய பெட்டியை வாங்கலாம், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் மூன்றைக் கேட்டு வாங்கலாம்.

1. மூன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி, வார்ப்புக் கோடுகளைச் சுரண்டி, ஒட்டுங்கள். கடிகாரம் ஓடட்டும்.
2. பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் அடித்து ஒரு நாள் விடுங்கள்.
3. ஒவ்வொன்றாகத் தீட்டுங்கள்: அடிப்படை நிறங்கள் மூன்று, மேலே ஒரு வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம்), அது காய்ந்தபின் ட்ரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தேய்ப்பது), கடைசியில் பேஸின், அதாவது பொம்மை நிற்கும் அடித்தட்டின், விளிம்பு. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள்.
4. மூன்றையும் மேசையின் மறுமுனையில், மூன்றடி தள்ளி வையுங்கள். கொலுவைப் படிக்குக் கீழே நின்றுதானே பார்க்கிறோம்? படையையும் அந்தத் தூரத்தில்தான் பார்ப்போம்.
5. ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நான்காவது சிப்பாயைத் தீட்டக் கை தானாகப் போகிறதா என்று பாருங்கள்.

முதல் சிப்பாய்க்கு ஆன நேரத்தை நம்பாதீர்கள். அது பழகுவதற்கான நேரம். மூன்றாவதுக்கு ஆன நேரம்தான் கணக்குக்கு உதவும். எந்த இடத்தில் சலிப்பு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். முகத்தில் வந்ததென்றால் தலைக்கவசம் மூடிய படை உங்களுக்குப் பொருந்தும். கவசத்தின் விளிம்புக் கோடுகளில் வந்ததென்றால் ரோமம், துணி, தோல் நிறைந்த படை பொருந்தும், ஏனென்றால் அங்கே வாஷும் ட்ரைபிரஷும் பாதி வேலையைச் செய்துவிடும். வெள்ளையிலோ மஞ்சளிலோ சிக்கிக்கொண்டீர்களா? அந்த இரண்டு நிறங்களும் எல்லாருக்கும் தொல்லைதான். நான்கு கோட் போட்டாலும் திட்டுத் திட்டாக நிற்கும். மஞ்சளுக்கு அடியில் இளஞ்சிவப்போ வெளிர்ப் பழுப்போ அடித்தால் இரண்டே கோட்டில் பிடிக்கும். அதற்கும் மனமில்லை என்றால் படையை மாற்றத் தேவையில்லை, நிறத்தை மாற்றினால் போதும். உங்கள் படை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மூன்றாவது சிப்பாய்க்கு 45 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். படையில் 100 காலாட்கள், 4 டாங்கிகள். காலாட்களுக்கு 75 மணி நேரம். டாங்கிக்கு ஐந்து மணி வீதம் 20. மொத்தம் 95 மணி. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 32 வாரம், அதாவது தை மாதம் தொடங்கினால் ஆவணி வரை. வார்ஹாமரில் ஆஸ்ட்ரா மிலிட்டாரம் எனப்படும் இப்படிப்பட்ட காலாட்கூட்டப் படை மனதுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக இறங்குங்கள், ஆனால் இந்த எண் தெரிந்து இறங்குங்கள்.

ஆட்கள் குறைந்தால் வேலையும் குறையும் என்பது பாதிதான் உண்மை. வார்ஹாமரின் கஸ்டோடீஸ் எனும் கவச வீரர் படைக்கு 25 உருவங்கள் போதும் என்றாலும் ஒவ்வொன்றும் பெரிது, கவசம் முழுக்கச் செதுக்கல். ஒன்றுக்கு மூன்று மணி நேரம் வைத்தால் அதே 75 மணி வந்து நிற்கிறது. ஆட்டத்திலும் ஒருவர் விழுந்தாலே படைக்குப் பெரிய இழப்பு. புதிதாக ஆடுகிறவர் செய்யும் தவறுகளை அந்தப் படை மன்னிக்காது.

வார்ஹாமரில் எதிரியைக் கொல்வதைவிட, பலகையில் குறிக்கப்பட்ட இடங்களைப் பிடித்து நிற்பதற்குத்தான் பெரும்பாலான புள்ளிகள். ஐந்து சுற்றுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் போய் நிற்பதற்கு ஆட்கள் வேண்டும். இம்பீரியல் நைட் எனும் பேரியந்திரங்களை மட்டும் வைத்து முழுப் படை கட்ட முடியும். ஐந்தாறு உருவங்களில் வேலை முடிந்துவிடுவது கவர்ச்சிதான். ஆனால் ஐந்து இடங்களுக்கு ஐந்து பேர் என்றால் எங்கும் பிடிப்பிருக்காது. எதிராளியும் உங்களைப் போலவே சிறு படையோடு தொடங்கியவர் என்றால் அவரிடம் அந்த இயந்திரத்தைத் துளைக்கும் ஆயுதமே இருக்காது. இரண்டு ஆட்டம் தோற்றபின் அவர் வரமாட்டார். நமக்கோ இருப்பது ஒரே ஓர் எதிராளி. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சிறிய ஊரில் எதிராளிக்கும் ஆட்டம் சுவைக்கிறதா என்பதும் படைத் தேர்வில் ஒரு கணக்கு.

முதல் படைக்கு நான் நெக்ரான்களை முன்வைப்பேன். உலோக எலும்புக்கூடுகள். கறுப்பு பிரைமர், மேலே வெள்ளி நிற ட்ரைபிரஷ், அதற்குமேல் கறுப்பு வாஷ், கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் பச்சை. பத்து பேரை ஒன்றாக வைத்துக்கொண்டால் இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். விழுந்தவர்கள் மறுபடி எழுந்து வரும் விதி இருப்பதால் தொடக்கநிலைத் தவறுகளையும் தாங்குவார்கள். ஸ்பேஸ் மரீன்கள் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள், எல்லா இடத்திலும் கிடைப்பார்கள். கவசத்தின் பரந்த சமதளத்தில் தூரிகைத் தடம் அப்படியே தெரியும் என்பதுதான் அவர்களிடம் உள்ள சிரமம், அதனால் பெயின்டை நன்றாக நீர்க்கச் செய்து இரண்டு கோட்டாகப் போடுங்கள். டிரானிட்கள் பூச்சிக் கூட்டம். தோல் ஒரு நிறம், ஓடு ஒரு நிறம், வாஷ், முடிந்தது. ஆர்க்குகள் நிற விளையாட்டு விரும்புகிறவர்களுக்கு. ஒவ்வொருவன் உடம்பிலும் எட்டு வகைப் பொருள் தொங்கும் என்பதால் தோன்றுவதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பார்கள். டெத் கார்ட் மெதுவாக நடப்பவர்கள், சாகாதவர்கள். துருவும் அழுக்கும்தான் அவர்களுக்கு அழகு என்பதால் கை நடுங்கினாலும் பரவாயில்லை. டௌ படை தூரத்தில் நின்று சுடும், கைகலப்பில் நொறுங்கிவிடும். எல்தாரி வேகமும் மென்மையும். விதிகளை மனப்பாடம் செய்தவர் கையில் மின்னுவார்கள், புதியவர் கையில் இரண்டாம் சுற்றிலேயே கரைவார்கள்.

'இப்போது எது பலமான படை?' என்று கேட்காதீர்கள். பாயிண்ட் மதிப்புகள் ஆண்டுக்குப் பல முறை மாற்றப்படுகின்றன. விதிப் பதிப்பே 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறி வந்திருக்கிறது. மேலே போட்ட 32 வாரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பலத்துக்காக வாங்கிய படையைத் தீட்டி முடிப்பதற்குள் அந்தப் பலம் போயிருக்கும். அச்சில் வந்த படைநூலில் இருக்கும் பாயிண்ட்களும் அப்படித்தான் பழையதாகிவிடும். நிறுவனம் இலவசமாக வெளியிடும் பட்டியலைப் பார்த்தே படை கட்டுங்கள்.

விதிகளுக்கே செலவு செய்ய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன் பேஜ் ரூல்ஸ் வெளியிடும் கிரிம்டார்க் ஃபியூச்சர் இருக்கிறது. அடிப்படை விதிகள் இலவசம், எந்த நிறுவனத்தின் பொம்மையையும் வைத்து ஆடலாம். ஆட ஆள் பழக்குவதற்கு இதைவிட எளிதான வாசல் இல்லை.

வரலாற்றுப் படைகள்

கற்பனை உலகங்கள் ஈர்க்காதவர்களுக்கு இந்தப் பக்கம்தான் ஊற்று. செலவும் இங்கே குறைவு. டி.பி.ஏ. எனும் பழங்காலப் போர் விளையாட்டு 1990இல் வந்தது. ஒரு படைக்குப் பன்னிரண்டே தட்டுகள். 15 மி.மீ. அளவில் ஒவ்வொரு தட்டும் 40 மி.மீ. அகலம். கனமான காலாட் தட்டில் நான்கு பேர், குதிரைத் தட்டில் மூன்று, யானைத் தட்டில் ஒரு யானை. மொத்தமே நாற்பது உருவங்கள் சுமாருக்கு வரும். பலகை 60 செ.மீ. சதுரம். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். பழந்தமிழர் படைக்கென்றே அதில் ஒரு பட்டியல் உண்டு. யானைகளோடு இறங்கலாம். இரண்டு படைகளைச் சேர்த்தே எண்பது சிற்றுருவங்கள்தான் என்பதால், இரண்டு பக்கமும் நானே கட்டுகிறேன் என்பவர்களுக்கு இதுவே மிகச் சரியான தொடக்கம்.

நம் ஊர் மண்ணோடு ஒட்டிய போர் வேண்டுமென்றால் மைசூர்ப் போர்கள் இருக்கின்றன. 1767 முதல் 1799 வரை நான்கு போர்கள். மூன்றாவது போர் முடிந்து 1792இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் சேலமும் பாராமகால் பகுதியும் (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், கைக்குப் போயின. சங்ககிரிக் கோட்டையை ஒரு விடுமுறை நாளில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சுவரையே தெர்மாகோலில் செய்யலாம். ஒரு பக்கம் சிவப்புக் கோட்டு அணிந்த கும்பினிச் சிப்பாய்கள், மறுபக்கம் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளோடு திப்புவின் படை. இதை 28 மி.மீ. அளவில் தொடங்காதீர்கள். அந்தக் காலத்துப் போர் வரிசை வரிசையாக நிற்கும் கூட்டத்தால் ஆனது. 28 மி.மீ.இல் இருபத்து நான்கு பேரை ஒரு பட்டாளம் என்று நிறுத்தினால் கண் நிறையாது, 100 பேரைத் தீட்டினாலும் நாலு பட்டாளம்தான். 15 மி.மீ. அல்லது அதைவிடச் சிறிய அளவில்தான் அது படை மாதிரி தெரியும். புலிவரி அலங்காரத்தைத் தீட்டும் தொல்லையும் சிறிய அளவில் நாலு புள்ளிகளில் முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போருக்கு போல்ட் ஆக்‌ஷன். 28 மி.மீ., ஒரு பக்கத்துக்கு முப்பது முதல் ஐம்பது பேர், இருவரின் பகடைகளையும் ஒரே பையில் போட்டு, கையில் வரும் பகடை யாருடையதோ அவர் ஒரு குழுவுக்கு ஆணையிடும் முறை. தன் முறை வரும்வரை அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்குப் பிடிக்கும். 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நின்ற இந்தியப் படையும் எதிரே ஜப்பானியப் படையும் நல்ல ஜோடி. இந்தியப் படையின் உடுப்பு முழுக்கக் காட்டுப் பச்சை. பச்சை ஸ்ப்ரே ஒன்றை அடித்தாலே கால்பங்கு வேலை முடிந்தது.

முதல் 500 பாயிண்ட்

படை முடிவாகிவிட்டதா? ஒரே நேரத்தில் 2000 பாயிண்டுக்கு வாங்காதீர்கள். முதல் 500க்கு ஒரு தளபதி, இரண்டு காலாட் குழு, வேகமாக ஓடும் குழு ஒன்று, டாங்கியைத் துளைக்கும் ஆயுதமுள்ள ஏதாவது ஒன்று. இவ்வளவுதான். பேருருவம் எதுவும் இப்போது வேண்டாம். இதை முழுவதும் தீட்டி, ஐந்து ஆட்டமாவது ஆடுங்கள். எது குறைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

பழைய படையை மொத்தமாக வாங்குவது லாபம்தான், இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொண்டால். ஒன்று பேஸ் அளவு. இன்றைய ஸ்பேஸ் மரீன்கள் 32 மி.மீ. வட்டத்தில் நிற்பவர்கள். 25 மி.மீ. வட்டத்தில் குட்டையாக நிற்பவர்கள் 2017க்கு முந்தைய பழைய வார்ப்பு. இரண்டையும் கலந்தால் கண்ணுக்கு உறுத்தும். இன்னொன்று தடித்த பழைய பெயின்ட். பிளாஸ்டிக் பொம்மையில் தின்னரோ அசிட்டோனோ பட்டால் உருவமே உருகிவிடும். டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெயின்ட் கழன்றுவரும். தேய்க்கும்போது தண்ணீர் படக் கூடாது. பட்டால் பெயின்ட் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே போகாது. முதலில் டெட்டாலிலேயே அலசி, பெயின்ட் முழுவதும் போனபின் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3டி பிரிண்டரில் அச்சிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். திரவ ரெசினை இறுகவைத்து அச்சிடும் ரெசின் பிரிண்டரில் உருவங்கள் மிக நேர்த்தியாக வரும். ஆனால் அச்சின் நடுவில் கரண்ட் போனால் அந்த முறை அச்சானதெல்லாம் பெரும்பாலும் வீண், யூ.பி.எஸ். இல்லாமல் இறங்காதீர்கள். காயாத ரெசின் தோலில் படக் கூடாது, படுக்கையறையில் பிரிண்டரை வைக்கவே கூடாது.

ஒட்டுவது, அடிப்பது, வானிலை

கருவிகளுக்கு இணையத்தில் 'மாடலிங்' என்று தேடி இரட்டை விலை கொடுக்க வேண்டாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் ஊர் இது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம், கூர்முனைச் சாமணம், பூதக்கண்ணாடி, 1 மி.மீ. துளையிடும் பிட் எல்லாம் கேளுங்கள். பத்தரின் கருவிகள் நம் வேலைக்கு அப்படியே பொருந்தும்.

பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட். அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது பிடிக்காது, ஃபெவிக்விக் வகைப் பசைதான். கனமான உலோகக் கையை வெறும் பசையில் ஒட்டினால் லேசாகத் தட்டினாலே விழுந்துவிடும். துளையிட்டு, பித்தளைக் கம்பி சொருகி ஒட்டுங்கள். இடைவெளிகளுக்கு எம்-சீல் போதும்.

பிரைமர் ஸ்ப்ரேதான் இந்த ஊரில் அதிகம் பேரை அழவைப்பது. சேலத்தில் சித்திரை, வைகாசி மதியத்தில் அடித்தால் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகப் படியும். காலை ஏழு மணிக்குள், நிழலில், 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்தி அடியுங்கள். ஏற்காட்டில் சிக்கல் நேர் எதிர். 1500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் காற்றின் ஈரம் வார்னிஷில் சிக்கி, படை முழுவதும் வெள்ளை பூத்துவிடும். தீட்டி முடித்த படையின் மேல் கடைசி வார்னிஷில் இது நடந்தால் மனது உடைந்துபோகும். மலையில் இருப்பவர்கள் தூரிகையால் பூசும் பிரைமரும் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷும் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. மெல்லிய இரண்டு கோட், நடுவில் முழுதாகக் காயவிட வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசையும் ஈரத்தால்தான் இறுகுகிறது. திறந்த டியூப் மலையில் சீக்கிரமே கல்லாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

சேலத்து வெயிலில் தட்டில் ஊற்றிய அக்ரிலிக் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான டிஷ்யூ, அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் பெயின்ட். இந்த ஈரத் தட்டு இருந்தால் மறுநாள்கூடத் தொடரலாம். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நாறும்.

பேஸுக்கு ஆற்று மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்து, ஃபெவிகாலில் ஒட்டுங்கள். தேங்காய் நாரை 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டிக் கொத்தாக நட்டால் காய்ந்த புல். காபிச் சக்கையும் டீத்தூள் சக்கையும் மண் மாதிரி அழகாகத் தெரியும், ஆனால் ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நிறத் தேர்வில் ஒரு சொல். சிவப்புக் கவசப் படையைச் செம்மண் பேஸில் நிறுத்தினால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அந்தப் படைக்குச் சேலத்து வெள்ளைக்கல் நிறத்தில் சாம்பல் வெளுப்புத் தரை செய்யுங்கள். செம்மண்ணைப் பச்சை, நீல, வெள்ளிப் படைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள்

மலைக்கும் கீழுக்கும் படையைக் கொண்டுபோய் ஆடுகிறவர்கள் தேர்வின்போதே இதையும் நினைக்க வேண்டும். நீண்ட ஈட்டி, மெல்லிய சிறகு, கம்பியில் பறக்கும் உருவம் இவையெல்லாம் சேலம் ஏற்காடு சாலையின் இருபது வளைவுகளில் பஸ்ஸில் தாங்காது. பேஸுக்கு அடியில் 5 மி.மீ. வட்டக் காந்தம் ஒன்றை ஒட்டி, அடியில் இரும்புத் தகடு போட்ட டப்பாவில் நிறுத்துங்கள். வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டப்பாவே போதும் என்று நினைக்காதீர்கள். நல்ல ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, அளவுக்கு வெட்டி வாங்கிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒட்டுங்கள். கடைக்குப் போகும்போது காந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். பெரிய உலோக உருவத்துக்கு ஒரு காந்தம் போதாது, மூன்று வேண்டும்.

மூடிய காரில் வெயிலில் படையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெல்லிய ரெசின் வாள் வளைந்துவிடும், பி.எல்.ஏ. எனும் 3டி பிரிண்டர் பிளாஸ்டிக்கில் அச்சிட்டது 60 டிகிரி வாக்கில் தொய்யத் தொடங்கும். வளைந்த ரெசினை வெந்நீரில் முக்கி நேராக்கி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். தொய்ந்த பி.எல்.ஏ. பழையபடி வராது.

கூட்டப் படையோடு பயணம் போகிறவர்களுக்கு நேரமும் ஒரு பிரச்சினை. மூன்று மணி நேர ஆட்டம் என்று விதிநூல் சொல்வது பழகியவர்களுக்கு. நூறு பேரை ஒவ்வொரு சுற்றும் நகர்த்தும் புதியவருக்கு ஐந்து மணி ஆகும். மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் மூன்றாம் சுற்றிலேயே எழுந்து போவார். பத்துப் பேரை ஒரே நீளத் தட்டில் காந்தத்தால் நிறுத்தி, தட்டோடு நகர்த்தினால் பாதி நேரம் மிச்சம்.

500இலிருந்து 1000க்குப் போகும்போது

ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. முந்தையது தீட்டி முடியும்வரை அடுத்ததைத் திறக்காதீர்கள். ஐந்து ஆட்டங்களில் எதற்குப் பதில் சொல்ல முடியாமல் தோற்றீர்களோ அதற்கான குழுவை முதலில் வாங்குங்கள். அதற்கடுத்து, மனதுக்குப் பிடித்த அந்தப் பேருருவம் வரட்டும். இப்போது எதிராளியிடமும் அதற்குப் பதில் சொல்ல ஆயுதம் இருக்கும்.

முதல் மூன்று சிப்பாய்களைத் தீட்டியபோதே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கேதான் உதவும்: எந்த பிரைமர், எந்தக் கம்பெனி நிறம், பாட்டில் எண், எத்தனை துளிக்கு எத்தனை துளி தண்ணீர், வாஷ் எது. எட்டு மாதம் கழித்து வாங்கும் இரண்டாம் குழு முதல் குழுவோடு நிறம் சேராமல் போவது இந்த ஒரு பக்கத்தை எழுதாததால்தான். முக்கிய நிறத்தில் ஒரு பாட்டில் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். கலந்து செய்த நிறம் என்றால் பழைய மருந்து பாட்டிலில் நிறையக் கலந்து, மூடியில் ஒரு பொட்டு வைத்து, இறுக்கி மூடி, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள்.